தகட்டுக்கு அந்தப் பக்கம்

"கப்பல் காரைக்காலுக்கே வந்து நிக்குது. புள்ள மூஞ்சியப் பாக்க முடியாதுன்னா என்னங்க அர்த்தம்?"

விடிந்ததிலிருந்து ஆஸியா பீவி இதையே கேட்டு மதார் சாகிப்பைப் படுத்திக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் என்ன செய்வார்? எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் மகன் அஜ்மீருக்குக் கரையிறங்கும் சீட்டு வரவில்லை. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். பிள்ளையைப் பார்த்துப் பதினாலு மாதம் ஆகிறது.

ஆனால் மதார் சாகிப் துறைமுகத்தில் டைவர். அதே கப்பலின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுவது இன்று அவர் வேலை. பத்து மணிக்கு எஞ்சின் அறைக்கு நேர் கீழே மூன்று தட்டு தட்டுவதாகவும், அவனும் பதிலுக்குத் தட்ட வேண்டும் என்றும் முந்தின நாளே போனில் பேசி வைத்திருந்தார்.

சொன்ன நேரத்துக்குச் சுத்தியலை எடுத்தார். முதலில் தட்டிய இடத்தில் சத்தம் அவர் காதுக்கே திரும்பியது. தகட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. தகட்டுக்குப் பின்னாலும் தண்ணீர் நிற்கும் தொட்டி இருக்கும் இடமாகப் பார்த்துத் தட்டினால்தான் சத்தம் இரும்பை ஊடுருவி உள்ளே போகும். நாலு முழம் நகர்ந்து மறுபடி தட்டினார்.

டொக், டொக், டொக்.

எதிரொலியாக இருந்தால் உடனே வந்திருக்கும். உள்ளேயிருந்து வந்த இந்தப் பதில் கொஞ்சம் யோசித்து வந்தது. மதார் சாகிப் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் கண் கலங்கிவிட்டது. இவர் தட்ட, அவன் தட்ட, மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுத்துக் கூப்பிடும் வரை உள்ளேயிருந்து சத்தம் நிற்கவே இல்லை.

மத்தியானம் போனைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஆஸியா, புள்ள நல்லா இருக்கான். வுடாம தட்டுறான், அவ்வளவு ஏக்கம் அவனுக்கு."

ஆஸியா பீவி சிரித்தாள். அடுப்படியிலிருந்து வாய் நிறைய பிரியாணியோடு அஜ்மீர் வந்தான்.

"ஒம்பது மணிக்கே சீட்டு வந்துடுச்சு வாப்பா. நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்க, போன் எடுக்கல."

மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப உள்ள தட்டினது யாரு?"

"எனக்குப் பதிலா நிக்குற மணிலாப் பையனா இருக்கும். அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலியே. ஊரைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு அவனுக்கு."

மதார் சாகிப் வாசலுக்குத் திரும்பினார்.

"நீ சாப்பிடு தம்பி. அந்தப் புள்ளைக்கு ஒரு தடவ தட்டிட்டு ஓடியாந்துடறேன்."