கொட்டாரத்து எண்ணெய்

சங்கிலி நிற்கவில்லை.

செல்வதாஸ் ஃப்ரீசர் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மைனஸ் முப்பது. கணவாய் மீன் தட்டுகளைச் சுமந்துகொண்டு கன்வேயர் சங்கிலி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது.

நின்று தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினான்.

குளச்சல் பக்கத்து மீன் கம்பெனியில் அவன் மெக்கானிக். சங்கிலி நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அவனுக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்டவன் அது நிற்க வேண்டுமென்று காலையிலிருந்து ஜெபம் பண்ணுகிறான் என்றால் காரணம் இருக்காதா?

இருந்தது. காரணத்துக்கு வயது மூன்று மாதம்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாரத்தில், மனைவி ராகேலின் ஊர்ச் சபையில், பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளை. மேனேஜர் நாராயணபெருமாளோ, கணவாய் கண்டெய்னர் ஏறும்வரை லீவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதைப் போனில் சொன்னபோது மாமனார் யேசுரத்தினம் சிரித்தார். தகப்பனுக்கு நேரமில்லை என்றால் போகட்டும், பிள்ளையைத் தானே ஏந்திக்கொண்டு போதகர் ஐயர் முன்னால் நிற்பதாகவும், அதனால் ஒரு குறைச்சலும் வந்துவிடாது என்றும் சொன்னார்.

அந்தச் சிரிப்பு செல்வதாஸுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. தன் பிள்ளையைத் தான் பிடிக்காமல் இன்னொருத்தர் பிடிப்பதா?

அதனால்தான் இன்று காலை அந்தக் காரியத்தைச் செய்தான். சங்கிலிக்குப் போட வேண்டிய, எந்தக் குளிருக்கும் இளகியே இருக்கிற கம்பெனி எண்ணெயைத் தொடவில்லை. கண்ணிகளைத் துடைத்துவிட்டுத் தன் பையிலிருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினான். தலைக்குத் தேய்க்க ராகேல் தந்துவிட்டது. தேய்க்கிற அளவுக்குத் தலையில் ஒன்றும் இல்லாததால் பாட்டில் மூடி திறக்காமலே கிடந்தது.

தேங்காய் எண்ணெய், மார்கழி மாதம் அலமாரியில் இருந்தாலே வெள்ளைக் கட்டியாகிப்போகிற சாமான். மைனஸ் முப்பதில் சும்மா விடுமா? கண்ணிக்குக் கண்ணி சிமெண்ட் பூசினமாதிரி இறுகிவிடும். அப்புறம் குளிரை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, ஐஸ் முழுக்க உருகக் காத்திருக்க வேண்டும். கணவாயைப் பக்கத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. திறந்த கதவுக்குக் காவல் இருக்க மெக்கானிக் எதற்கு?

இதுதான் திட்டம். திட்டத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. சங்கிலிதான் நிற்கவில்லை.

பொறுக்கமுடியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கையுறையைக் கழற்றி ஒரு கண்ணியைத் தொட்டுப் பார்த்தான். வழுவழுவென்று விரல் நழுவியது.

மீசை உறைந்துவிட்டது. எண்ணெய் உறையவில்லை.

வெளியே வந்தால் நாராயணபெருமாள் நிற்கிறார். மாட்டிக்கொண்டோம் என்றே செல்வதாஸ் நினைத்தான். அவரோ காதைக் கதவில் வைத்துக்கொண்டு, கம்பெனி தொடங்கின நாள் முதல் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்த சங்கிலி இன்று வாயே திறக்கவில்லையே என்று அதிசயப்பட்டார். என்ன எண்ணெய் போட்டாய் என்று கேட்டார். பயத்தில் உண்மை வந்துவிட்டது. வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்றான்.

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேங்காய் எண்ணெயாம்! தொழில் ரகசியத்தைக் கள்ளன் சொல்லமாட்டான் என்று அவன் முதுகில் தட்டினார்.

"இந்த ஓட்டத்துக்கு நாளைக்கே கண்டெய்னர் ஏறிரும். நீ பிள்ளை காரியத்துக்குப் போயிட்டு வா மக்கா. வரும்போ அந்த எண்ணெயில பத்து டின் கொண்டாந்துரு."

லீவு கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் அவன் கண்முன்னே நெளிந்துகொண்டு நின்றது.

ராகேலுக்குப் போன் போட்டான். லீவு என்றதும் அவள் சந்தோஷத்தில் கூச்சல் போட்டாள். பின்னால் என்னமோ பொரிகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறார்களாம். சபையார் அத்தனை பேருக்கும் சமையல் அப்பா தந்த எண்ணெயில்தானாம், டின் டின்னாக வந்து இறங்கியிருக்கிறதாம்.

"ஏட்டி, எனக்குத் தந்துவிட்டியே, அது எந்த எண்ணெய்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இது என்ன கேள்வி? நம்ம அப்பா ஆலையில ஆட்டினதுதான். பிள்ளையையும் அதுலதான் தேய்ச்சுக் குளிப்பாட்டுகேன். கையில நிக்கமாட்டேங்கான், அப்படி வழுக்குகான்."

உறையாத அந்த எண்ணெயில் தேங்காய் எவ்வளவு, மெஷின் எண்ணெய் எவ்வளவு என்று செல்வதாஸ் கணக்குப் போட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்ட மீன்குழம்பெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

போன் மாமனார் கைக்கு மாறியது. விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் கேட்டான். ஃப்ரீசருக்குள்ளே வைத்தும் உறையவில்லையே மாமா, அது எப்படி என்று.

யேசுரத்தினம் குரலில் பெருமை பொங்கியது.

"நம்ம எண்ணெய் எந்தக் குளிருக்கும் உறையாது மருமவனே. அவ்வளவு சுத்தம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சங்கிலி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செல்வதாஸ் உறைந்து இளகிய மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நானே பிடிக்கேன் மாமா" என்றான். "நல்லா இறுக்கிப் பிடிக்கேன்."