நாற்பத்திரண்டாவது கையெழுத்து

“நாற்பத்தோரு வீட்டுக்காரங்க போட்டாச்சு. ஒருத்தன் மட்டும் மாட்டேங்கிறானா? யாருய்யா அவன்?”

திட்டத்துறைச் செயலாளர் கோப்புக் கட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் தேநீர்க் கோப்பை ஒருமுறை குதித்து அடங்கியது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த துணை இயக்குநர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்கு அகலச் சாலை போட ஒரு வெளிநாடு நிதி தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: தேசிய வளர்ச்சித் திட்டத்தில் மனித உரிமைக்கு இடம் இருக்க வேண்டும், சாலைக்காக வீட்டை விடும் ஒவ்வொரு குடும்பமும் விவரம் தெரிந்து, மனமொப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகவே திட்ட அறிக்கையில் பதினான்காம் அத்தியாயம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். எழுதியவர் துணை இயக்குநர். எதைக் கேட்டாலும் நாலு பின்னிணைப்போடு கொடுப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் ‘பின்னிணைப்பு’ என்றே பெயர். எழுதிய பாவத்துக்கு, வீடு வீடாக ஏறி இறங்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

வியாழக்கிழமை வெளிநாட்டுக் குழு வருகிறது. ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் நிதி கிடையாது.

“ஆள் எப்படி? அரசியல்வாதியா?”

“சேச்சே. தெருக்குழாய்ல தண்ணி வரலைன்னா புகார் கொடுக்கக்கூடப் பயப்படுற ஆள் சார்.”

“அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்?”

“பதினாலாம் அத்தியாயத்தை முழுசாப் படிச்சுட்டான் சார்.”

செயலாளர் திடுக்கிட்டார். “அதையெல்லாமா படிக்கிறாங்க?”

“யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சுத்தான் சார் நானும் அவ்வளவு நல்லா எழுதினேன்.”

“என்னதான் வேணுமாம்?”

“மாற்று இடத்தை முன்கூட்டியே பார்க்கிறது மக்களோட உரிமைன்னு ஆறாம் பத்தியில போட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை அவன் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டான். பஸ் கிடையாது. குழாய் நட்டிருக்கு, திறந்தா காத்துதான் வருது. அந்தம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். இப்ப ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். அங்கிருந்துன்னா முப்பது கிலோமீட்டர். திரும்பி வர்ற வழியில அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம். ‘மத்தவங்கல்லாம் இதைப் பார்த்துட்டா கையெழுத்துப் போட்டாங்க?’”

“பார்த்தாங்களா?”

“இல்ல சார். என் முகத்தைப் பார்த்துப் போட்டாங்க. தையல்காரர் ஒருத்தர் படிவத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டே போட்டார். ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’னார்.”

“நீங்களாவது இடத்தைப் பார்த்துட்டுச் சொன்னீங்களா?”

“வரைபடத்துல பார்த்தேன் சார். பச்சைப் பசேல்னு இருந்தது.”

செயலாளர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“நியாயமெல்லாம் வியாழக்கிழமைக்கு அப்புறம் பார்த்துக்கலாம். பேசி வழிக்குக் கொண்டு வாங்க.”

“மூணு நாளாப் பேசுறேன். என்னைத் தூங்கவே விடமாட்டேங்கிறான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என்ன சொல்லப்போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடுது.”

“எங்கே வேலை பார்க்கிறான்?”

“அரசாங்க உத்தியோகம்தான்.”

செயலாளரின் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்றதில்லையா! கண் காணாத ஊருக்கு மாத்திடுவோம்னு ஒரு வார்த்தை சொன்னாத் தானாப் போடுவான்.”

“அதையும் சொல்லிப் பார்த்துட்டேன் சார். தொடை நடுங்கிச்சு. ஆனா கை பேனாவை எடுக்கல.”

“அமைச்சருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு தொடைநடுங்கிக்காக ரோடு நின்னுபோச்சுன்னா?” செயலாளர் மேசையைத் தட்டினார். “அந்த வெங்காயத்தை இப்பவே கொண்டுவந்து என் முன்னாடி நிறுத்துங்க! நானே கேட்கிறேன்.”

துணை இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நின்னுட்டேன் சார்” என்றார். “நாற்பத்திரண்டாவது வீடு என்னோடது.”