தோணிக்கு வந்த மிரட்டல்

“தம்பி மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துனா, உன் தோணியை எரிப்பேன்... இப்படித்தான் எழுதியிருக்கு மொதலாளி” என்றார் ஏட்டு.

1956-ல் தேவிபட்டினத்தில் தோணி வைத்திருந்த வாவு முகம்மதுக்கு ஒரே மாதத்தில் வந்த மூன்றாவது மொட்டைக் கடுதாசி அது.

“வயசுக்கு வந்த புள்ள வீட்டோட இருக்கட்டும்னு சொன்னது ஒரு குத்தமா? எவன் வேலை இது? ஏலே சீனி, உனக்கு யாரு மேலயாச்சும் சந்தேகம் இருக்கா?”

“இல்ல காக்கா” என்றார் தம்பி சீனி முகம்மது. அண்ணன் கருவாடு சேர்த்துவைக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்பவர். அண்ணன் எதிரே அவர் இதற்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

“உங்க வீட்டுல எழுதத் தெரிஞ்சவுக யாரு?”

“இவன் மக சல்மாதான். இவன் கைநாட்டு.”

சல்மாவின் எட்டாம் வகுப்பு நோட்டை வாங்கி ஒத்துப் பார்த்தார் ஏட்டு. முத்து முத்தான எழுத்து. கடுதாசியிலோ கோழி கிளறின மாதிரி இருந்தது.

“புள்ளைய நிறுத்தாதீங்கன்னு யாராச்சும் வந்து கேட்டாகளா?”

“வேல்சாமி வாத்தியார் வந்தாரு. ரெண்டு தடவ!”

வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

வேல்சாமி கடுதாசியை வாங்கினார். உற்றுப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கையெழுத்தை மாத்தி எழுதுனீராக்கும்?” என்றார் ஏட்டு.

பதில் இல்லை.

“யாரு எழுதுனதுன்னாவது தெரியுமா?”

வேல்சாமி கூட்டத்தைப் பார்த்து முழித்தார்.

“முழிக்கிற முழியப் பாருங்கய்யா! புள்ளைகளுக்குப் பாடம் சொல்ற ஆளு செய்யிற வேலையா இது?” கூட்டத்தில் ஒருத்தர் காறித் துப்பினார்.

வாத்தியாரின் கையெழுத்தும் ஒத்துவராததால் கேஸ் நின்றுபோனது. ஊர்வாய் நிற்கவில்லை. பத்தே நாளில் அவருக்கு மாரியூருக்கு மாற்றல் வந்தது.

வாவு முகம்மதுக்குத்தான் பயம் அதிகமாகிவிட்டது.

“போற ஆத்திரத்துல தீயை வச்சுட்டுப் போயிட்டான்னா? ஏலே சீனி, அந்தப் புள்ள படிச்சே தொலையட்டும். எனக்குத் தோணி முக்கியம்.”

வாத்தியார் கிளம்பிய அன்று வழியனுப்ப ஊரில் ஒரு ஆள் வரவில்லை. சீனி முகம்மது மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“உங்களைப் பார்த்துத் துப்புனாகளே சார்... மனசு கேக்கல. காக்காகிட்ட நான் போயிப் பேசட்டுமா?”

“பேசுனா நாளைக்கே சல்மா வீட்டுல உக்கார வேண்டியதுதான். சும்மா இருங்க பாய். மாரியூர்லயும் புள்ளைக இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு.”

பஸ் நகர்ந்தது. சீனி முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

வாத்தியார் ஜன்னல் வழியே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஊருக்குத் தெரியாம ஆறு மாசமா உங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தேன். ‘எரிப்பேன்’னு எழுத இன்னமும் பெரிய ‘ற’வா போடுறது? சின்ன ‘ர’ பாய், சின்ன ‘ர’!”