எட்டு நிமிடம்

ஆறு மணிக்கு அலமாரிக்குள் பாய்லர் மெல்ல இரைய ஆரம்பித்தது. அவன் எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றினான். ஒரு கப்பைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஆறே முக்காலுக்குள் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும்.

குளியலறைக்குப் போய் ஷவரைத் திறந்தான். கையை நீட்டிச் சூடு பார்த்தான். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

கட்டிலில் தன் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவனுடைய கையெழுத்து. 'குளியல் - ஆளுக்கு எட்டு நிமிடம்.' போன குளிர்காலத்தில் காஸ் விலை ஏறியபோது ஒட்டியது.

இந்த மாடிக்கு காஸ் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓடினால் மிச்சத்தையும் கொடுக்க வேண்டும். லண்டன் ஹாரோவில் அவர்கள் ஏறி இறங்கிய வீடுகளில் இதுதான் மலிவு. அந்த மலிவு கைவிட்டுப் போகாமலிருக்க அவன் சட்டங்கள் போட்டான். ஹீட்டர் இரவில் இரண்டு மணி நேரம். துணி ஞாயிற்றுக்கிழமை மட்டும். குளியல் எட்டு நிமிடம்.

அவன் மனைவிக்கு இடுப்பு வரை முடி.

ஒருநாள்கூட அவள் மீறியதில்லை. சமையலறை டைமரை உள்ளே எடுத்துக்கொண்டு போவாள். "முட்டைக்கே பத்து நிமிஷம் குடுக்கிறீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அவன் சிரித்தான். தாளைக் கிழிக்கவில்லை.

வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் பரராஜசிங்கம் நின்றிருந்தார். வேலைக்குக் கிளம்பிய கோட். கையில் ஒரு கடிதம். கீழ்வீட்டில் இருப்பவர். அவள் இல்லாமல் போன அந்த மாதமே, யாரும் கேட்காமல், ஓர் ஆளின் பங்கைக் கழித்துவிட்டவர். சனிக்கிழமை தவறாமல் அவர் மனைவி இடியாப்பமும் சொதியும் மேலே கொடுத்தனுப்புவார்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. அந்தப் பிள்ளை உங்களோட இருக்கேக்கை வந்ததைவிட இப்ப பில் கூட வருது. பாய்லர் மணிக்கூட்டைக் குறைச்சு வச்சிட்டுப் போறன். ஒராளுக்கு இருபது நிமிசம் காணும்."

அலமாரியை நோக்கிக் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

தண்ணீர்ச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

அவன் தலையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. தோளில் துண்டு இல்லை. குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி கசிந்து வந்துகொண்டிருந்தது.

"ஆர் தம்பி உள்ளுக்கை குளிக்கிறது?"

யாரும் இல்லை என்று சொல்லலாம். கதவைத் திறந்து காட்டலாம். காட்டினால் அவர் அவன் தோளைத் தொடுவார். ஏதாவது ஆறுதல் சொல்வார். அதன் பிறகு பாய்லரை இருபது நிமிடத்துக்குக் குறைத்து வைப்பார்.

இருபது நிமிடத்தில் தொட்டி பாதிகூடச் சூடாகாது.

"ரெண்டு பேருக்கே போட்டுக்கங்க அங்கிள்" என்றான்.

அவர் கடிதத்தை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.

"அந்தப் பிள்ளை போய் நாலு மாதம்கூட ஆகேல்லையே, தம்பி."

படி இறங்கும் சத்தம். கீழே கதவு சாத்தும் சத்தம். அவர் மனைவி என்னவோ கேட்பதும், அவர் தணிந்த குரலில் சொல்வதும். அதன் பிறகு ஒன்றுமில்லை.

இன்று சனிக்கிழமை.

இடியாப்பம் வராது.

அவள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவள் தலைக்குக் குளித்தாள். டைமர் அடிக்கும் முன்பே வெளியே வந்தாள். அவன் குளித்து, சவரம் செய்து வருவதற்குள் கிளம்பிப் போயிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டினார்கள். முடி இன்னும் ஈரமாக இருந்தது.

காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

ஷாம்பு நுரை. அலசி முடிக்காமல் காய்ந்துபோனது.

கட்டைவிரலை எச்சில் தொட்டு அவன் துடைத்துவிட்டான்.

இப்போது ஏழு மணி அடிக்கப் போகிறது. கதவடியில் ஆவி நின்றுவிட்டது. தொட்டியில் சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது.

அவன் துண்டை எடுத்துக்கொண்டான். டைமரில் எட்டு வைத்தான். உள்ளே போய் ஷவருக்கு அடியில் நின்றான்.

மார்ச் மாதத் தண்ணீர். முதுகெலும்பு வரை ஏறியது.

டைமர் அடிக்கும் வரை நின்றான்.

அன்று அவள் இந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் வந்தாள். ஈர முடியைத் துண்டோடு சேர்த்து முறுக்கிக்கொண்டே வந்தாள். அவனைப் பார்த்தாள்.

"சீக்கிரம் போங்க. உங்களுக்குச் சுடுதண்ணி மிச்சம் வெச்சிருக்கேன்."