ஹார்லி தொரையின் சலவைக்கல்

“கல்லத் தூக்கிக் குடுத்துட்டு நாங்க எதுல தொவைக்கிறதாம்? உங்க முதுகுலயாண்ணே?”

பேச்சியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். மலைத் தண்ணீர் குழாய் வழியே கொட்டும் பீலியடியில் அழுக்குத் துணியோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சூசைரட்ணத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“ஒரே ஒரு நாளு, பேச்சி. வெள்ளக்காரரு பாத்துட்டுப் போனதும் நானே கொண்டாந்து போட்டுர்றேன்.”

“மொதத் தடவையும் நீங்கதான கொண்டாந்து போட்டீங்க. ஒரு சட்டி பன்னிக்கறிக்கு!”

அதுதான் வம்பு. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பழைய வெள்ளைக்காரக் கல்லறைகளுக்குச் சூசைரட்ணம்தான் காவல். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு மழையில் ஹார்லி தொரையின் கல்லறைக் கல் சாய்ந்துவிட்டது. இனி யார் தேடிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று அதைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். செத்தவர் பெயரின் மேல் துவைக்கக் கூடாதென்று எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டதுதான் அவர் காட்டிய ஒரே மரியாதை.

இப்போது தேடிக்கொண்டு வருகிறார்கள். ஹார்லி தொரையின் கொள்ளுப்பேரன், ஆஸ்திரேலியாவிலிருந்து, நாளைக் காலையில். கல்லறையைக் காட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டாகிவிட்டது. கல் இல்லையென்றால் காவல் வேலை போகும். வேலையோடு கொடுத்த வீடும் போகும்.

ஒருவழியாக நான்கு பெண்கள் கல்லைச் சுமந்துவந்து சைப்ரஸ் மரத்தடியில் இறக்கினார்கள். அங்கேதான் நின்றதாகச் சூசைரட்ணத்துக்கு ஞாபகம். ஆனால் கடப்பாரை இறங்கவே இல்லை. ஒருநாளும் மண்வெட்டி படாததுபோல மண் இறுகிக் கிடந்தது.

“எடம் மாறிப்போச்சோ, டோரீன்?”

“செத்தவரா எந்திரிச்சு வந்து சொல்லப்போறாரு? பேசாமக் கல்ல நட்டு வைங்க,” என்றாள் மனைவி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள். எதற்கும் பயப்படமாட்டாள்.

மறுநாள் வந்த கொள்ளுப்பேரன் கிரெக்குக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பூகூட இல்லை. “வீட்டுக்காரம்மா வரலையா?” என்று டோரீன் இங்கிலீஷில் விசாரித்ததற்கு, அவர் எதிர்மலையின் தேயிலையைப் புகழ ஆரம்பித்தார்.

பிறகு கல்லுக்கு முன்னால் குந்தினார். ‘காய்ச்சலில் மறைந்தார், 1926’ என்ற வரியை விரலால் தடவினார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

சூசைரட்ணம் ஓரடி பின்னால் நகர்ந்தார். எவ்வளவு பாசியைத் தேய்த்தும் சவுக்கார வாசம் போகவில்லை.

கிரெக் விடவில்லை. எழுத்துக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைச் சாண் போட்டு அளந்தார். டோரீனிடம் என்னவோ கேட்டார்.

“பொதைச்சவங்க பேரப் பதியிற புஸ்தகம் யாருகிட்ட இருக்குன்னு கேக்குறாரு.”

“எங்கிட்டத்தான்னு சொல்லு.”

“ஹட்டன்ல கல்லுல எழுத்து வெட்டுறவங்க இருக்காங்களான்னு கேக்குறாரு.”

தீர்ந்தது. போலிக்கல் என்றே முடிவு கட்டிவிட்டார்! சூசைரட்ணம் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

“உள்ளதச் சொல்லிரு, டோரீன். கல்லு பீலியில கெடந்துச்சு. எடமும் இதுதானான்னு தெரியாது. மன்னிக்கச் சொல்லு. மேனேஜருக்கு மட்டும் தெரிய வேணாம்.”

டோரீன் சொன்னாள். கிரெக் விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். வேலிக்கு அப்பால் வாளியோடு காத்திருந்த பேச்சியம்மாவைத் தவிர யாருமில்லை. குரலைத் தாழ்த்தி நெடுநேரம் பேசினார். எதற்கும் பயப்படாத டோரீனின் வாய் திறந்தபடியே நின்றது.

“என்னவாம்?”

“எடம் எதுவானாலும் ஒண்ணுதானாம். அடியில யாருமே இல்லையாம். பொண்டாட்டிகிட்ட இருந்து தப்பிக்க, காய்ச்சல்ல செத்துட்டதாக் கல்லு நட்டுட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிட்டாராம் நம்ம ஹார்லி தொரை. அங்க வேற பேரு, வேற பொண்டாட்டி. இவரோட பாட்டி பொறந்ததே, தொரை செத்து நாலு வருசம் கழிச்சுத்தானாம்!”

சூசைரட்ணம் சைப்ரஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் காவல் காத்தது யாரை?

“அண்ணே, முடிஞ்சுச்சா? துணி ஊறிப்போய் நாறுது!” வேலிக்கு அப்பாலிருந்து பேச்சியம்மா கத்தினாள்.

“அப்ப இவரு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தாராம்?”

டோரீன் கிரெக்கை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“பீலி விசயத்த இவரு யாருக்கும் சொல்லமாட்டாராம். அதுக்குப் பதிலா, கல்லுல கீழ மிச்சமிருக்கிற எடத்துல, செத்த நாளா வர்ற வெள்ளிக்கெழமைத் தேதியப் போட்டு, இவரு பேரையும் வெட்டித் தருவீங்களான்னு கேக்குறாருங்க.”