கல்யாணக் கோட்டு

தக்கலை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மாஸ்டர் இன்னும் வரவில்லை. நாராயணபெருமாள் பக்கத்தில் இருந்தவனின் தொடையைச் சுரண்டினார்.

"மக்கா டெல்வின், 'பெஸ்போக்'னா என்னடே?"

"எங்க பாத்தீரு அண்ணாச்சி?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தையல்கடை போர்டில. 'பெஸ்போக் கோட்டு'ன்னு கொட்டை எழுத்தில போட்டிருக்கு. நாளைக்குள்ள அர்த்தம் தெரியலேன்னா ஒரு கல்யாணக் கோட்டு கைவிட்டுப் போயிரும்."

வகுப்பில் செல்போனைத் தொட்டால் அபராதம். அதனால் டெல்வின் மோவாயைத் தடவினான். "ஏதாவது வெளிநாட்டுத் துணியா இருக்கும்."

லண்டனுக்கு நர்சாகப் போகவிருக்கும் ரேஷ்மி முன்பெஞ்சிலிருந்து திரும்பினாள். "அந்தக் கடைக்காரர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"அவனுக்கும் தெரியாது மோளே."

"தெரியாமலா போர்டு வைப்பான்?"

"எதிர்க்கடையில வச்சான். அதைப் பாத்து இவனும் வச்சான்."

"சரியான மண்டன்!" என்றான் டெல்வின். நாராயணபெருமாள் அவசரமாக நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

மாஸ்டர் உள்ளே நுழைந்ததும் நாராயணபெருமாள் கேட்ட முதல் கேள்வியே 'பெஸ்போக்'தான்.

"ஒவ்வொருத்தருக்கும் தனியா அளவெடுத்துத் தைக்கறது" என்றார் மாஸ்டர்.

நாராயணபெருமாள் தலையில் கைவைத்தார். "அதைத்தானே சார் நான் முப்பது வருசமா செய்யுதேன்!"

டெல்வின் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அண்ணாச்சிக்க கடையா அது? பின்ன என்ன கவலை? நாளைக்கு மாப்பிள்ளைக்கு அளவெடுத்திர வேண்டியதுதானே!"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எடுக்க? இன்னைக்குக் காலையில வந்து பெஸ்போக் கோட்டு கேட்டாரு. தெரியாதுன்னு சொன்னா யாவாரம் என்னத்துக்கு ஆகும்? 'இப்பதான் கடைசி பீஸும் வித்துப்போச்சு, நாளைக்குப் புது ஸ்டாக் வரும்'னு சொல்லி அனுப்பிட்டேன்."