தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு

மூச்சுத் தசையின் பலம் பார்க்கும் குழாயில் கணக்கு டீச்சர் ஊதுகிறாள். நரம்புகளின் உறையை அரிக்கும் நோய்க்கு இது ஆறாவது வருடம். முள் பாதிகூட ஏறவில்லை. "இப்போ மூளைக்கு ஒரு சோதனை, நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுட்டே வாங்க," என்கிறாள் பரிசோதிக்கும் பெண். ஜன்னல் வெயிலில் குழாயின் எச்சில் ஈரம் மினுங்குகிறது. "தொண்ணூத்தி மூணு." பிறகு மூச்சு மட்டும்தான் வருகிறது. முப்பது வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தலை, துடைத்த கரும்பலகையாகக் கிடக்கிறது, பயம்கூட வரவில்லை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் கணவர் மடியில் எட்டு விரல்களை விரிக்கிறார், அடுத்து ஆறு. கடைசி பெஞ்சுத் திருட்டு அவள் கண்ணுக்குத் தப்புமா? "அங்க என்ன கையாட்டம்? மடக்குங்க!" வகுப்பையே அடக்கும் அந்தக் குரலுக்கு மட்டும் எங்கிருந்தோ மூச்சு கிடைத்துவிடுகிறது. அவர் மடக்கிக்கொள்கிறார். "தொண்ணூத்தி மூணு," என்று அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள்.